பத்துமணிச் செடி

பத்துமணிச் செடி என்பது தண்டிலும் இலையிலும் நீரைச் சேமித்து வைக்கும் இயல்புடைய, சதைப்பற்றுள்ள சிறு பூச்செடி ஆகும். பத்துமணிப் பூ, டேபிள் ரோஸ் ஆகிய பெயர்களாலும் இது தமிழகத்தில் அறியப்படுகிறது. இதன் தாவரவியல் பெயர் போர்ட்டுலாக்கா கிராண்டிஃபுளோரா என்பதாகும். தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இச்செடி, இன்று வெப்ப நாடுகள் பலவற்றில் வீட்டுத் தொட்டிகளிலும் பாத்திகளிலும் அழகுக்காக வளர்க்கப்படுகிறது. மழை குறைந்து வெயில் மிகுந்த விருதுநகர் மாவட்டத்தில், குறிப்பாகத் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்கள் நிறைந்த சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வட்டாரங்களில், குறைந்த நீரில் வளர்க்கத்தக்க பூச்செடிகளுள் இது முதன்மையானது எனலாம். பராமரிப்பின்மையால் இச்செடி அழிவது குறைவு. அளவுக்கு மிஞ்சிய நீராலும் போதாத வெயிலாலுமே பெரும்பாலும் அழிகிறது.

பெயர்

காலை ஏறத்தாழ 10 மணி அளவில் மலர்கள் முழுமையாக விரிவதால் இது பத்துமணிப் பூ எனப்பட்டது. மலையாளத்திலும் பத்துமணி என்றே வழங்கப்படுகிறது. வியட்நாமிய மொழியில் இதற்கு வழங்கும் பெயரும் 'பத்து மணிப் பூ' என்றே பொருள்படும். இந்தி பேசும் மக்கள் இதனை நௌ பஜியா, அதாவது ஒன்பது மணிச் செடி என்கின்றனர். ஓரிடத்தில் ஒன்பது என்றும் மற்றோரிடத்தில் பத்து என்றும் வழங்குவது முரண் அன்று. இப்பூ மணியைப் பார்த்து விரிவதில்லை, வெப்பத்தைப் பார்த்தே விரிகிறது என்பதற்கு அது சான்றாகும்.

டேபிள் ரோஸ் என்னும் பெயர் அடுக்கிதழ் வகைகளின் தோற்றத்தால் வந்ததாகும். எனினும் ரோஜாவுக்கும் இதற்கும் குடும்ப உறவு எதுவுமில்லை. இதன் நெருங்கிய உறவுச் செடி, தமிழர் சமையலில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வரும் பருப்புக்கீரை ஆகும். இவ்விரண்டும் அடங்கிய போர்ட்டுலாக்கா என்னும் பேரினத்தின் பெயர், சிறு கதவு எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததாகக் கூறப்படுகிறது. முற்றிய காயின் மேற்பகுதி மூடிபோலக் கழன்று விதைகளை வெளிவிடுவதே இப்பெயருக்குக் காரணம். கிராண்டிஃபுளோரா என்பது பெரிய பூவையுடையது எனப் பொருள்படும்.

தாயகம்

அர்ச்சென்டீனா, உருகுவாய், தெற்குப் பிரேசில் ஆகிய பகுதிகளின் மணற்பாங்கான வறண்ட நிலங்களே இதன் தாயகமாகும். ஜான் கில்லீஸ் என்னும் மருத்துவர், அர்ச்சென்டீனாவில் ஆண்டீசு மலையடிவாரத்திலுள்ள மெந்தோசா நகருக்கு அண்மையில் இலேசான மணல் நிலத்தில் இச்செடியைக் கண்டறிந்தார். அதனை அடிப்படையாகக் கொண்டு பிரித்தானியத் தாவரவியலாளர் வில்லியம் ஜாக்சன் ஹூக்கர் 1829-ஆம் ஆண்டில் கர்ட்டிசின் தாவரவியல் இதழில் இதற்குப் பெயரிட்டு விளக்கம் எழுதினார். மெந்தோசா மலைத்தொடரின் மழை மறைவுப் பகுதியில் அமைந்த வறண்ட நிலம் ஆகும். விருதுநகர் மாவட்டமும் தென்மேற்குப் பருவமழையைப் பொறுத்தவரை மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் அமைந்துள்ளது. செடி இங்கு எளிதில் நிலைபெறுவதற்கு இவ்வொற்றுமையும் ஒரு காரணமாகும்.

தோற்றம்

செடி 10 முதல் 20 செ.மீ. உயரம் வரை வளர்ந்து, பின் தரையில் படர்ந்தோ தொட்டியின் விளிம்பிலிருந்து தொங்கியோ காணப்படும். தண்டு பெரும்பாலும் சிவப்புச் சாயலுடையது. இலைகள் ஏறத்தாழ 2.5 செ.மீ. நீளமுள்ள, உருண்டு திரண்ட ஊசி போன்றவை. இலைக் கக்கங்களில் வெண்ணிற மயிர்க் கற்றைகள் காணப்படும். செடியை இனங்காண இவை உதவுகின்றன. இம்மயிரைப் பூஞ்சை எனக் கருதி மருந்து தெளிப்போரும் உண்டு. அது தேவையற்றது.

மலர்கள் கிளை நுனியில் தோன்றுகின்றன. இயல்பான வகையில் 5 இதழ்களும் ஏராளமான மகரந்தத் தாள்களும் இருக்கும். அடுக்கு வகையில் மகரந்தத் தாள்களுட் பல இதழ்களாக மாறியிருக்கும். மலரின் அகலம் 2.5 முதல் 4 செ.மீ. வரை இருக்கும். மகரந்தத் தாள்களை ஒரு குச்சியால் மெல்லத் தொட்டால் அவை தொட்ட பக்கம் நோக்கிச் சாய்வதைக் காணலாம். பூவுக்குள் இறங்கும் தேனீயின் உடலில் மகரந்தத்தைப் படியச் செய்யும் ஏற்பாடு இதுவாகும். சிறுவர்களுக்குக் காட்டத்தக்க எளிய சோதனை இது.

பூ விரியும் நேரம்

ஒரு பூவின் வாழ்நாள் ஒரு பகல் மட்டுமே. காலையில் விரிந்த பூ பிற்பகலில் சுருங்கி மூடிவிடும். மறுநாள் அது விரியாது. நாள்தோறும் புதிய அரும்புகள் விரிவதாலேயே செடி தொடர்ந்து பூப்பதாகத் தோன்றுகிறது.

அரும்பு விரிவதைத் தூண்டும் முதன்மையான காரணி காலையில் ஏறும் வெப்பநிலை ஆகும். ஒளியும் அதற்குத் துணைசெய்கிறது. ஆகவே சித்திரை, வைகாசி மாதங்களில் எட்டு அல்லது ஒன்பது மணிக்கே பூக்கள் விரிந்து நண்பகலுக்குப் பின் விரைவில் மூடுகின்றன. மார்கழியில் பத்து மணியைக் கடந்தும் அரும்பாகவே இருப்பதுண்டு. மேகமூட்டமான நாட்களில் பூக்கள் பாதி விரிந்தோ விரியாமலோ போய்விடும். அன்று செடிக்கு நோய் வந்ததாக எண்ண வேண்டியதில்லை.

சிவகாசி வட்டாரத்தில் இவ்வியல்புக்குத் தனிப் பொருள் உண்டு. பட்டாசு உற்பத்தி பகல் வெளிச்சத்தில் மட்டுமே நடைபெற வேண்டும் என்பது விதி. எனவே சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து ஆலைகளுக்குச் செல்லும் ஆண்களும் பெண்களும் காலையில் பூ விரியும் முன்பே வீட்டை விட்டுப் புறப்பட்டு, பூ மூடிய பின்னரே வீடு திரும்புகின்றனர். செடிக்கு நீரூற்றுபவர் அதன் பூவைக் காண்பது ஞாயிற்றுக்கிழமைகளிலும் திருவிழா விடுமுறைகளிலுமே. விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயிலின் பங்குனிப் பொங்கல் நாட்கள் செடி நிறையப் பூக்கும் பருவத்தில் வருகின்றன. தீபாவளியை ஒட்டிய விடுமுறையோ வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அமைவதால், அப்போது வீட்டில் ஆள் இருந்தாலும் பல நாட்களில் பூ விரிவதில்லை.

மாலையில் மட்டும் வீட்டிலிருப்போர் இத்துடன் அந்திமந்தாரையையும் சேர்த்து வளர்க்கலாம். நாலுமணிப் பூ எனப்படும் அது மாலையில் விரிந்து இரவெல்லாம் மலர்ந்திருக்கும். இவ்விரு செடிகளும் வேறு வேறு குடும்பத்தைச் சேர்ந்தவையாயினும் ஒரே தாவர வரிசையில் அடங்குவன என்பது குறிப்பிடத்தக்கது.

வறட்சியைத் தாங்கும் முறை

பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்வாங்குகின்றன. அவ்வாறு திறக்கும்போது இலையிலுள்ள நீர் ஆவியாக வெளியேறுகிறது. பத்துமணிச் செடி, சோளம், கரும்பு ஆகியவற்றைப் போல, சி4 எனப்படும் ஒளிச்சேர்க்கை முறையைக் கொண்டது. இதனால் கடும் வெயிலிலும் குறைந்த நீரிழப்புடன் உணவு தயாரிக்க முடிகிறது. நீர் கிடைக்காத நாட்கள் நீளும்போது, கள்ளி வகைகளைப் போல இரவில் கரியமில வாயுவைச் சேர்த்து வைத்துப் பகலில் பயன்படுத்தும் மற்றொரு முறையும் இதில் தொடங்குகிறது. இவ்விரு முறைகளும் ஒரே செடியில் அமைந்திருப்பது தாவர உலகில் அரிதாகும். போர்ட்டுலாக்கா பேரினம் அறிவியலாளர்களின் கவனத்தை ஈர்த்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆயினும் வறட்சியைத் தாங்குவது வேறு, வறட்சியில் பூப்பது வேறு. நீரே காணாத செடி உயிருடன் இருக்கும். ஆனால் அரும்பு கட்டாது.

விருதுநகர் மாவட்டச் சூழல்

பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து 1985-இல் பிரிக்கப்பட்ட இம்மாவட்டத்தின் பெரும்பகுதி கரிசல் நிலம் ஆகும். மேற்கே மலையடிவாரத்தில் இராசபாளையம், திருவில்லிபுத்தூர் பகுதிகளில் செம்மண் காணப்படுகிறது. ஆண்டு மழையின் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவத்தில் கிடைக்கிறது. ஏனைய மாதங்களில் காற்று உலர்ந்தும் வெயில் கடுமையாகவும் இருக்கும்.

1920-களில் ப. ஐய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிச் சிவகாசியில் அதனைத் தொடங்கியபோது இவ்வறண்ட காலநிலை அத்தொழிலுக்கு உகந்ததாக அமைந்தது. பசையிட்ட காகிதக் குழாய்களும் மருந்து தோய்த்த குச்சிகளும் விரைவில் உலர வேண்டும் என்பதே காரணம். மழை பொய்த்ததால் வேளாண்மை நலிந்த ஊரில், மழையின்மையையே துணையாகக் கொண்டு தொழில் வளர்ந்தது. குழாய்களை உலர்த்தும் அதே வெயில் பத்துமணிச் செடிக்கும் ஏற்றதாகும்.

வெயில் இங்கு ஒரு குறையன்று, நீரே குறை. கோடையில் குடிநீரைக் குடம் கணக்கில் விலைக்கு வாங்கும் வீடுகள் இங்குப் பல. ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உப்பும் கடினத்தன்மையும் மிக்கது. ரோஜா, செம்பருத்தி போன்றவற்றை வளர்க்கத் தயங்கும் வீடுகளிலும் பத்துமணிச் செடிக்கு இடமளிக்க முடிவது இதனாலேயே.

மண்

கரிசல் மண்ணை அப்படியே தொட்டியில் நிரப்புவது பெருந்தவறாகும். கரிசல் நனைந்தால் உப்பி நீரைப் பிடித்துக்கொள்ளும்; காய்ந்தால் சுருங்கி வெடிப்பு விடும். முதல் நிலையில் வேர் அழுகும். இரண்டாம் நிலையில் மென்மையான வேர்கள் அறுபடும். மானாவாரிப் பருத்திக்கு வரமான இப்பண்பு தொட்டிச் செடிக்குக் கேடாகிறது.

செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய எரு அரைப் பங்கு எனக் கலந்த கலவை போதுமானது. ஆற்று மணல் கிடைப்பது அரிதாகிவிட்டதால் கட்டடப் பணிக்குரிய எம்-சாண்டைப் பலர் பயன்படுத்துகின்றனர். அதிலுள்ள நுண்தூள் நீர் வடிவதைத் தடுக்கும் என்பதால் இருமுறை நீரில் அலசிய பின்னரே கலக்க வேண்டும். செம்மண் கிடைக்காத இடத்தில் ஒரு பங்கு கரிசலுக்கு இரு பங்கு மணலும் சிறு செங்கல் துண்டுகளும் சேர்த்துச் சமாளிக்கலாம். தென்னை நார்க்கழிவைக் கோடையில் சிறிதளவு சேர்க்கலாம். மழைக்காலத்தில் அது ஈரத்தைப் பிடித்து வைப்பதால் தீமையே செய்யும்.

தொட்டி

இச்செடியின் வேர்கள் ஆழமாகச் செல்வதில்லை. 15 செ.மீ. ஆழமுள்ள அகன்ற தொட்டியே போதும். மண் தொட்டி மிகச் சிறந்தது. அதன் சுவர் வழியாகவும் ஈரம் வெளியேறும். நெகிழித் தொட்டியாயின் அடியில் குறைந்தது நான்கைந்து துளைகள் வேண்டும். துளைகளின் மேல் ஓட்டாஞ்சில்லுகளைப் பரப்பிய பின் மண்ணை நிரப்ப வேண்டும். உடைந்த குடம், பழைய வாளி, எண்ணெய்த் தகரம் ஆகியனவும் பயன்படும். தகரம் வெயிலில் மிகவும் சூடேறுவதால், அதன் தென்புறமும் மேற்புறமும் வேறு தொட்டிகளால் மறைக்கப்படுமாறு வைப்பது நல்லது.

பட்டாசுத் தொழில் நடைபெறும் பகுதிகளில் ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. ஆலைகளில் வேதிப்பொருள் வைத்திருந்த தகரம், நெகிழிக் கலன், சாக்கு ஆகியவற்றை ஒருபோதும் செடி வளர்க்கப் பயன்படுத்தக் கூடாது. அலுமினியப் பொடி நீருடன் வினைபுரிந்து வெப்பத்தையும் எளிதில் தீப்பற்றும் ஐதரசன் வாயுவையும் வெளியிடக்கூடியது. கலனின் மடிப்புகளில் ஒட்டியிருக்கும் சிறிதளவு பொடி வெடியுப்பு, கந்தகம் போன்றவற்றுடன் கலந்திருந்தால், அதில் ஈரம் படுவதும் சுரண்டுவதும் துளையிடுவதும் ஆபத்தானவை. தகரத்தின் அடியில் ஆணியால் துளை போடும் ஓர் அடியே தீப்பொறிக்குப் போதுமானது. பச்சை உப்பு எனப்படும் பேரியம் நைட்ரேட் நீரில் கரையும் நச்சுப்பொருள் ஆகும். பட்டாசுகளில் பேரியம் உப்புகளைப் பயன்படுத்த உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தடை விதித்தது. எனினும் பழைய சாக்குகளிலும் கலன்களிலும் அதன் படிவு இருக்கக்கூடும். மண்ணைக் கையால் கிளறும் சிறுவர்களுக்கு அது தீங்கு விளைவிக்கும்.

'வெடியுப்பு ஓர் உரந்தானே, செடிக்குப் போட்டால் என்ன?' என்று கேட்பதுண்டு. பொட்டாசியம் நைட்ரேட் உரமாகப் பயன்படுவது உண்மையே. ஆனால் உரமாக விற்கப்படுவது வேறு. ஆலையின் தரையில் சிதறிப் பிற மருந்துகளுடன் கலந்து கிடப்பது வேறு. மேலும் உரிமம் பெறாத இடத்தில் வெடிமருந்துக் கலவையை வைத்திருப்பது 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின்படியும் 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளின்படியும் குற்றமாகும். இத்தகைய கலன் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அதைக் கழுவவோ எரிக்கவோ முற்படாமல், பாதுகாப்பாக அகற்றுவதற்குத் தீயணைப்பு நிலையத்தை அணுக வேண்டும்.

நடுதல்

தண்டைக் கிள்ளி நடுவதே எளிய முறை. பூ இல்லாத, 5 முதல் 8 செ.மீ. நீளமுள்ள நுனித் தண்டை நகத்தால் கிள்ளி, அடிப்பகுதியிலுள்ள இலைகளை உருவிவிட்டு, ஓரிரு மணி நேரம் நிழலில் வாட விட வேண்டும். பின்னர் ஈரமான மணற்கலவையில் இரு கணு புதையுமாறு ஊன்ற வேண்டும். நான்கைந்து நாட்கள் அரைநிழலில் வைத்துப் பின் வெயிலுக்கு மாற்றலாம். ஒரு வாரம் முதல் பத்து நாட்களுக்குள் வேர் பிடித்துவிடும். ஒரு தொட்டியில் ஒரே தண்டை நட்டுக் காத்திருப்பதை விட, ஏழெட்டுத் தண்டுகளை நெருக்கமாக நடுவது நல்லது. வீட்டுக்கு வீடு ஒரு கிள்ளு வாங்கி நட்டே இச்செடி தெருவெங்கும் பரவிவிடுவதால், பலர் இதனை விலைகொடுத்து வாங்குவதே இல்லை.

விதைகள் மிகவும் நுண்ணியவை. ஒரு கிராமில் ஏறத்தாழ 10,000 விதைகள் அடங்கும். முளைப்பதற்கு ஒளி தேவைப்படுவதால் அவற்றின்மேல் மண்ணை மூடக் கூடாது. உலர்ந்த மணலுடன் கலந்து மேற்பரப்பில் தூவி, நீரைத் தெளிப்பானால் பனிபோலத் தெளிக்க வேண்டும். ஒன்று முதல் இரண்டு வாரங்களில் முளைக்கும். தை இறுதியில் விதைத்தால் பங்குனியில் பூக்களைக் காணலாம்.

வெயிலும் நீரும்

நாளொன்றுக்குக் குறைந்தது 6 மணி நேர நேரடி வெயில் தேவை. நிழலில் வைத்த செடி நீண்டு வெளிறி, இலைகள் இடைவெளி விட்டுக் காணப்படும், பூக்காது. வீட்டினுள் மேசைமேல் வைத்து வளர்க்கலாம் என டேபிள் ரோஸ் என்ற பெயர் தவறான எண்ணத்தைத் தோற்றுவிக்கிறது. மொட்டைமாடி, தெற்கு நோக்கிய திண்ணை, சுற்றுச்சுவரின் மேற்பகுதி ஆகியனவே இதற்குரிய இடங்கள்.

நீர் ஊற்றுவதற்கு நாட்கணக்கு வைப்பதை விட மண்ணையும் இலையையும் பார்ப்பதே சரியான முறை. விரலை ஒரு கணு அளவு மண்ணில் நுழைத்தால் ஈரம் தெரியாதிருக்க வேண்டும். இலை தொய்ந்து சுருக்கம் காட்டத் தொடங்கினால் உடனே ஊற்றலாம். இலை பளபளப்பாகத் திரண்டிருந்தால் ஊற்ற வேண்டியதில்லை. கோடையில் சிறு தொட்டிகளுக்கு நாள்தோறும் ஒரு முறையும் பெரிய தொட்டிகளுக்கு இரண்டு மூன்று நாட்களுக்கு ஒரு முறையும் தேவைப்படலாம். ஊற்றும்போது அடித்துளை வழியே நீர் வடியும் வரை ஊற்றி, பின் மண் உலரும் வரை விட்டுவிட வேண்டும். நாள்தோறும் சிறிது சிறிதாகத் தெளிப்பது மேல்மண்ணை மட்டும் நனைத்து உப்பைச் சேர்க்கும். அதிகாலை நேரமே சிறந்தது. வேலைக்குச் செல்வோருக்கும் அதுவே வசதியானது.

அரிசி கழுவிய நீரைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். குளிர்சாதனப் பெட்டியிலிருந்தும் குளிரூட்டியிலிருந்தும் வடியும் நீரில் உப்பு இல்லாததால் அதுவும் நல்லதே. ஆர்.ஓ. சுத்திகரிப்பான் வெளியேற்றும் கழிவுநீரில் உப்பு செறிந்திருப்பதால் அதனைத் தொடர்ந்து ஊற்றக் கூடாது. சோப்பு கலந்த நீரும் ஆகாது. ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றும் தொட்டிகளில் மண்ணின் மேலும் தொட்டி விளிம்பிலும் வெண்ணிற உப்புப் படிவு தோன்றும். மேல்மண்ணை ஒரு விரல் கனம் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிய கலவையை இடுவது இதற்குத் தீர்வாகும். முதல் மழையில் தொட்டியை ஒருமுறை நன்றாக நனையவிட்டால் உப்பு பெருமளவு கரைந்து வடிந்துவிடும்.

உரமும் கிள்ளுதலும்

உரத்தேவை மிகக் குறைவு. நடும்போது இட்ட எருவுடன், இரண்டு மாதங்களுக்கு ஒரு முறை ஒரு கைப்பிடி மக்கிய ஆட்டுப் புழுக்கைத் தூளோ மண்புழு உரமோ போதும். தழைச்சத்து மிகுந்தால் செடி கொழுத்து வளர்ந்து பூக்க மறுக்கும்.

கிள்ளுதலே இச்செடியின் உண்மையான பராமரிப்பு ஆகும். பூக்கள் நுனியில் மட்டுமே வருவதால், நுனிகள் எத்தனையோ அத்தனை பூக்கள். நட்டு மூன்று வாரங்களில் எல்லா நுனிகளையும் ஒருமுறை கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் தோன்றும். ஐந்தாறு மாதங்களில் அடித்தண்டு முற்றி, இலையுதிர்ந்து வெறுமையாகக் காணப்படும். அப்போது 5 செ.மீ. விட்டு வெட்டிவிடலாம்; அல்லது வெட்டிய நுனிகளைப் புதிய தொட்டியில் நட்டுப் பழையதை நீக்கிவிடலாம். பின்னது மேலானது. இது இயல்பாகவே குறுகிய வாழ்நாளுடைய செடி என்பதால், பழைய செடியைக் காப்பாற்ற முயல்வதில் பயன் குறைவு.

மழைக்காலம்

விருதுநகர் மாவட்டத்தில் இச்செடிக்கு உண்மையான சோதனைக் காலம் கத்திரி வெயில் அன்று. ஐப்பசி, கார்த்திகை அடைமழையே. தொடர்ந்து நனையும் மண்ணில் தண்டின் அடிப்பகுதி பழுப்பேறிக் குழைந்து, இரண்டு நாட்களில் செடி முழுவதும் சரிந்துவிடும். பருவமழைக்கு முன்பே தொட்டிகளை மழைச்சாரல் படாத தாழ்வாரத்துக்கு மாற்றிவிட வேண்டும். இயலாவிடில் தொட்டியைச் சாய்த்து வைப்பதும், இரு செங்கற்களின்மேல் உயர்த்தி வைப்பதும் ஓரளவு உதவும். அக்காலத்தில் நீர் ஊற்றுவதை நிறுத்திவிடலாம்.

ஒவ்வொரு நிறத்திலும் சில தண்டுகளைச் சிறு கிண்ணங்களில் நட்டுச் சன்னலோரம் வைத்துக்கொள்வது சிறந்த காப்பு. மாடியிலுள்ளவை அழிந்தாலும் நிறங்கள் கைவிட்டுப் போகா. அழுகத் தொடங்கிய செடியாயினும் அழுகலுக்கு மேலுள்ள உறுதியான பகுதியை வெட்டி, ஒருநாள் நிழலில் உலர்த்தி, புதிய உலர்மணலில் நட்டால் பிழைக்கும். அழுகிய செடி இருந்த மண்ணை வெயிலில் பல நாட்கள் காயவைத்த பின்னரே மீண்டும் பயன்படுத்த வேண்டும்.

பூச்சிகள்

மாவுப்பூச்சியே முதன்மையான தொல்லை. இலைக் கக்கத்திலுள்ள இயல்பான மயிருக்கும் மாவுப்பூச்சிக்கும் வேறுபாடு அறிய வேண்டும். விரலால் தேய்த்தால் பூச்சி நசுங்கிப் பிசுபிசுக்கும், மயிர் அப்படியே இருக்கும். தொடக்கத்தில் நீரைப் பீய்ச்சியடித்தோ, வேப்பெண்ணெயுடன் சில துளி சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளித்தோ கட்டுப்படுத்தலாம். எறும்புகள் மாவுப்பூச்சியை ஒரு செடியிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்வதால் எறும்பின் வழியை அடைப்பதும் தேவை. அசுவினியும் நத்தையும் சில வேளைகளில் காணப்படும். மாடியில் இல்லாத தொட்டிகளுக்கு இவை எல்லாவற்றினும் பெரிய பகை ஆடு.

நிறங்கள்

வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, இளஞ்சிவப்பு, கருஞ்சிவப்பு, இருநிறம் எனப் பலவகைகள் உண்டு. ரோஜா, செம்பருத்தி ஆகியவற்றின் சிவப்பு அந்தோசயனின் என்னும் நிறமியால் ஆனது. பத்துமணிப் பூவில் அது இல்லை. பீட்ரூட்டிலும் காகிதப்பூவிலும் உள்ள பீட்டாலைன் என்னும் வேறு வகை நிறமியே இதில் உள்ளது. இந்நிறமி உருவாகத் தேவையான முதன்மை நொதியொன்றின் மரபணு, 2004-இல் வெளியான ஆய்வொன்றில் இச்செடியிலிருந்தே அடையாளம் காணப்பட்டது.

பீட்டாலைன் நிறமிகள் சிவப்பு ஊதா, மஞ்சள் என்னும் இரு தொகுதிகளில் அடங்குவதால் இச்செடியில் தூய நீல நிறப் பூ உண்டாவதில்லை. வலைத்தளங்களில் நீலப் பத்துமணி எனப் படங்காட்டி விற்கப்படும் விதைகளை வாங்கி ஏமாற வேண்டாம்.

விதை சேகரித்தல்

பூ வாடி ஏறத்தாழ இரண்டு வாரங்களில் காய் வைக்கோல் நிறமடையும். மூடி கழலுமுன் விரலால் கிள்ளிக் காகிதத்தில் உதிர்த்தால் உலோகப் பளபளப்புடன் கூடிய சாம்பல் நிற விதைகள் கிடைக்கும். ஒருநாள் நிழலில் உலர்த்திக் காகிதத்தில் மடித்து, காலியான தீப்பெட்டிக் கூட்டில் வைத்துக்கொள்ளலாம். அடுக்கு வகைகளில் விதை பிடிப்பது குறைவு. மேலும் தேனீக்களால் அயல் மகரந்தச் சேர்க்கை நிகழ்வதால் விதையில் வரும் செடி தாய்ச்செடியின் நிறத்தையே கொண்டிருக்கும் என்பதற்கு உறுதியில்லை. விரும்பிய நிறம் மாறாதிருக்கத் தண்டு நடுதலே வழி.

ஒத்த செடிகள்

நாற்றுப் பண்ணைகளில் டேபிள் ரோஸ் என்ற அதே பெயரில் விற்கப்படும் தட்டையான அகன்ற இலையுடைய செடி, பெரும்பாலும் போர்ட்டுலாக்கா அம்பிராட்டிக்கோலா என்னும் மற்றோர் இனத்தின் கலப்பு வகையாகும். அதன் காயைச் சுற்றி விளிம்பு போன்ற சிறகு காணப்படும். வளர்ப்பு முறையில் வேறுபாடு இல்லை.

பருப்புக்கீரை விதைகள் எருவின் வழியாகத் தொட்டிக்குள் வந்து தானே முளைப்பதுண்டு. அதன் இலை தட்டையானது. பூ மிகச் சிறியது, மஞ்சள் நிறமானது. இலைக் கக்கத்தில் நீண்ட மயிர்க் கற்றை இராது. அதைக் களையெனப் பிடுங்கி எறிய வேண்டியதில்லை. நல்ல மண்ணில் வளர்ந்ததாயின் பருப்புடன் சேர்த்துக் கடைந்து உண்ணலாம். பத்துமணிச் செடியோ கீரையாக உண்ணும் வழக்கம் உடையதன்று. வேதிப்பொருள் படிந்த தொட்டியிலோ, ஆலைக் கழிவுநீர் பாயும் நிலத்திலோ முளைத்த கீரை எதுவாயினும் உண்ணத்தக்கதன்று.